மீடியா டிகிரிக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்? சேர்றதுக்கு முன்னாடி போட்டுப் பாக்க வேண்டிய முழுக் கணக்கு

மீடியா படிக்கணும்னு ஒரு பிள்ளை ஆசைப்பட்டா வீட்ல பெரும்பாலும் ரெண்டு பேச்சுல ஒண்ணுதான் நடக்கும். "இதெல்லாம் சோறு போடுமா, வேற ஏதாவது படி"ன்னு ஒரு பக்கம், "ஆசைப்பட்டுட்டா, கடனை வாங்கியாவது நல்ல காலேஜ்ல சேத்து விட்ரலாம்"னு இன்னொரு பக்கம். ரெண்டுலயும் பாசம் இருக்கு, அக்கறை இருக்கு, ஆனா யாருமே பேப்பர் பேனா எடுத்து கணக்குப் போடல. இந்த கைடு அந்தக் கணக்குக்காகத்தான். மாஸ் காம், விஸ்காம், ஜர்னலிசம், அட்வர்டைசிங், பிஆர் (ஒரு கம்பெனியோட பேரை மக்கள்கிட்ட நல்லபடியா கொண்டு போற வேலை), ஃபிலிம் எதுவா இருந்தாலும் முறை ஒண்ணுதான், எந்த நாட்ல இருந்து படிச்சாலும் இதே கணக்குதான், அதனால நான் உதாரணத்துல வெறும் நம்பர் மட்டும் போடறேன், காசு எந்த ஊர்க் காசுங்கறதை நீங்க வச்சுக்கோங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மனசுல ஏத்திக்கோங்க, மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வரும். டாக்டர் ஆகணும்னா அந்தப் படிப்பு இல்லாம ஊசி போட முடியாது, வக்கீல் ஆகணும்னா சட்டம் படிக்காம கோர்ட்ல நிக்க முடியாது. மீடியா அப்படி இல்ல. ரிப்போர்ட்டர், எடிட்டர், கேமராமேன், காப்பிரைட்டர் (விளம்பர வாசகம் எழுதறவர்), பிஆர் ஆளு, இவங்க யாருக்கும் இந்த டிகிரி இருந்தாதான் தொழில் பண்ணலாம்னு பெரும்பாலான நாடுகள்ல லைசன்ஸ் எதுவும் கிடையாது. எகனாமிக்ஸ் படிச்சவர் பிசினஸ் ரிப்போர்ட்டரா இருக்காரு, இன்ஜினியரிங் படிச்சவர் எடிட்டிங் டேபிள்ல இருக்காரு. வேலை குடுக்கறவங்க உங்க சர்டிஃபிகேட்டைப் பாக்கறதை விட நீங்க எழுதினது, எடுத்தது, வெட்டி ஒட்டினதைத்தான் பாப்பாங்க. அப்போ டிகிரிக்குக் குடுக்கற காசு லைசன்ஸுக்கான காசு இல்ல, பழகறதுக்கான நேரம், கருவி, ஆள் பழக்கம், இன்டர்ன்ஷிப் கதவு, இதுக்கான காசு. இது நாலும் உண்மையிலயே கிடைக்குதான்னு பாத்து அதுக்குத் தகுந்த விலை மட்டும் குடுங்க.

ஸ்டெப் 1: "மீடியா"ன்னு எழுதாதீங்க, வேலையோட பேரை எழுதுங்க

நிறைய பேர் இந்த இடத்தைத் தாண்டியே வர்றதில்ல. "மீடியால நல்ல சம்பளமா?"ன்னு கேட்டா அதுக்கு பதிலே கிடையாது, ஏன்னா மீடியாங்கறது ஒரு வேலை இல்ல. ஒரே கிளாஸ்ல பக்கத்து பக்கத்துல உக்காந்து படிச்ச நாலு பேரு நாலு வெவ்வேற சம்பளத்துக்குப் போவாங்க.

ஒரு உதாரணத்துக்கு அமெரிக்காவோட தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2023 மே மாசத்துக்கு போட்ட கணக்கை எடுத்துப்போம். ரிப்போர்ட்டர், பத்திரிகையாளர் வேலையோட மீடியன் சம்பளம், அதாவது எல்லாரையும் சம்பள வரிசைல நிக்க வச்சா நடுவுல நிக்கறவர் வாங்கறது, வருஷத்துக்கு 57,500 டாலர். பிஆர் ஸ்பெஷலிஸ்ட்டுக்கு 66,750. டெக்னிகல் ரைட்டருக்கு (சாஃப்ட்வேர், மெஷினுக்கு எல்லாம் விளக்கக் கையேடு எழுதறவர்) 80,050. மூணுமே எழுத்து வேலை, மூணுக்குமே கம்யூனிகேஷன் டிகிரி படிச்சவங்க போறாங்க, ஆனா முதலுக்கும் மூணாவதுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 1.4 மடங்கு. உங்க நாட்ல தொகை வேறயா இருக்கும், ஆனா ஒரே படிப்புக்குள்ள வேலைக்கு வேலை இந்த மாதிரி இடைவெளி இருக்கான்னு கண்டிப்பா தேடிப் பாருங்க. எந்த காலேஜ்னு மண்டையை உடைச்சுக்கற நேரத்துல பாதியை எந்த வேலைங்கறதுக்கு செலவு பண்ணுங்க.

வேலை எந்தப் பக்கம் நகருதுன்னும் பாக்கணும். பியூ ரிசர்ச் சென்டர்ங்கற ஆய்வு நிறுவனத்தோட கணக்குப்படி அமெரிக்காவுல செய்தித்தாள் நியூஸ்ரூம்ல வேலை பாத்தவங்க 2008ல சுமார் 71,000 பேர், 2020ல சுமார் 31,000 பேர். அதே காலத்துல இணையத்துக்குன்னே பொறந்த செய்தி நிறுவனங்கள்ல 7,400ல இருந்து 18,000 ஆச்சு. ஒரு கதவு மூடும்போது இன்னொண்ணு திறந்துச்சுதான், ஆனா அந்தப் பக்கம் போனது எத்தனை, இந்தப் பக்கம் வந்தது எத்தனைன்னு கழிச்சுப் பாருங்க, சமமா இல்ல. இப்போ ஏஐ வேற வந்துருச்சு. 2023ல ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் ஸ்ட்ரைக் பண்ணப்போ அவங்க கோரிக்கைல ஏஐயும் ஒண்ணு. சாதாரண சப்டைட்டில், பிரஸ் ரிலீஸ் முதல் டிராஃப்ட், சோஷியல் மீடியாவுக்கு கேப்ஷன், இந்த மாதிரி புதுசா வர்றவங்க கைக்கு முதல்ல வர்ற வேலைங்களைத்தான் அது முதல்ல தொடுது. இதைச் சொல்றது பயமுறுத்த இல்ல, நாலு வருஷம் கழிச்சு வெளிய வர்ற ஆளுக்கு "போன பத்து வருஷமா இப்படித்தான் வேலை கெடச்சுச்சு"ங்கற பேச்சு போதாதுன்னு சொல்றேன்.

அதனால ஒரு பேப்பர்ல மூணு வேலை எழுதுங்க. மூணே மூணு. ஒண்ணு உங்களுக்கு ரொம்பப் புடிச்சது, ஒண்ணு புடிச்சதுக்குப் பக்கத்துல இருக்கறது ஆனா சம்பளம் கொஞ்சம் நல்லா இருக்கறது, மூணாவது எதுவும் கெடைக்கலைன்னா செய்யறதுக்குத் தயாரா இருக்கறது. ஃபிலிம் எடிட்டிங் புடிக்கும், கார்ப்பரேட் வீடியோ எடிட்டிங் ஓகே, எதுவும் இல்லைன்னா ஒரு கம்பெனியோட கம்யூனிகேஷன் டீம்ல கன்டென்ட் வேலை, இப்படி. இனிமே போடற கணக்கு எல்லாம் மூணாவது வேலையோட சம்பளத்தை வச்சு போடுங்க. அந்த சம்பளத்துலயே கடன் கட்ட முடியும்னா முதல் வேலையை நிம்மதியா தேடலாம்.

ஸ்டெப் 2: ஃபீஸ் மட்டும் செலவு இல்ல

காலேஜ் வெப்சைட்ல போட்டிருக்கற ஃபீஸை மூணாலயோ நாலாலயோ பெருக்கி "இவ்வளவுதான்"னு நெனச்சுக்கறாங்க. மீடியா கோர்ஸ்ல ஃபீஸுக்கு வெளிய போற காசு மத்த ஆர்ட்ஸ் படிப்பை விட அதிகம்.

எதெது கூடும்னா, முதல்ல லேப்டாப். வரலாறு படிக்கற பிள்ளைக்கு எந்த லேப்டாப்பும் போதும், வீடியோ எடிட் பண்றவங்களுக்கு ராம், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் பாக்கணும், விலை ரெண்டு மடங்கு கூட ஆகும். அப்புறம் கேமரா, மைக், டிரைபாட், லைட். அப்புறம் யாரும் சொல்லாத ஒண்ணு, ஹார்ட் டிஸ்க். ஃபுட்டேஜ் சேர சேர டிஸ்க் வாங்கிக்கிட்டே இருக்கணும், பேக்கப்புக்கு இன்னொண்ணு வேணும். சாஃப்ட்வேர்ல அடோபி மாதிரி மாசச் சந்தாவுல போறது இருக்கு, ஸ்டூடன்ட் ரேட் படிப்பு முடிஞ்சதும் போயிரும். டாவின்சி ரிசால்வ்ல இலவச வெர்ஷன் இருக்கு, ஆடியோவுக்கு ஆடாசிட்டி இலவசம், 3டிக்கு பிளெண்டர் இலவசம், பழகறதுக்கு இது தாராளமா போதும்.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாக்கலாம். பத்து நிமிஷ ஷார்ட் ஃபிலிம்னு வைங்க. காலேஜ் கேமரா குடுக்கும், ஆனா நல்ல லென்ஸ் வேணும்னா நாள் வாடகைக்கு எடுக்கணும். நடிக்க வர்றவங்க காசு வாங்கலைன்னாலும் சாப்பாடு, போக்குவரத்து உங்க பொறுப்பு. லொகேஷன்காரங்க ஒரு நாள்னு ஒத்துப்பாங்க, மழை வந்து ஷூட் தள்ளிப் போனா ரெண்டாவது நாளுக்கும் லென்ஸ் வாடகை, சாப்பாடு, வண்டி எல்லாம் திரும்ப. சவுண்ட் சரியா வரலைன்னா டப்பிங்குக்கு ஸ்டூடியோ. இதுல எதுவும் பிராஸ்பெக்டஸ்ல இருக்காது. சீனியர் கிட்ட "ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு உங்க கைல இருந்து எவ்வளவு போச்சு"ன்னு நேரா கேளுங்க, சொல்லிருவாங்க.

அடுத்தது இன்டர்ன்ஷிப். மீடியால இன்டர்ன்ஷிப் இல்லாம வேலை கஷ்டம், ஆனா நிறைய இடத்துல சம்பளம் குடுக்கறதில்ல, குடுத்தாலும் ரூம் வாடகைக்கு வராது. பெரிய சேனல், பெரிய ஏஜென்சி எல்லாம் பெரிய நகரத்துலதான் இருக்கும். அப்போ ரெண்டு மூணு மாசம் அங்க தங்கி, சாப்பிட்டு, போய் வர்ற செலவு யாரு குடுப்பா? இதையும் படிப்புச் செலவுல சேருங்க. இதைச் சேக்காம விட்டதாலயே கோர்ஸ்ல சேர்ந்தும் நல்ல இன்டர்ன்ஷிப்புக்குப் போக முடியாம நின்ன பிள்ளைங்க நிறைய, இந்தப் படிப்புல என்னை ரொம்ப உறுத்தற விஷயம் இது.

கடைசியா, படிக்கற வருஷங்கள்ல சம்பாதிக்காம விடற காசு. ஒரு கோர்ஸ் மூணு வருஷம், இன்னொண்ணு நாலு வருஷம்னா அந்த நாலாவது வருஷத்துக்கு ஃபீஸ் மட்டும் இல்ல, ஒரு வருஷ சம்பளமும் சேர்ந்து போகுது.

ஸ்டெப் 3: சம்பள நம்பரை எங்க இருந்து எடுக்கறது

விளம்பரத்துல வர்ற "அதிகபட்ச பேக்கேஜ்" நம்பரை மொத்தமா மறந்துருங்க. அது ஒரே ஒரு ஆளோட கதை. சராசரியும் ஏமாத்தும். அஞ்சு பேர்ல நாலு பேருக்கு 15,000, ஒருத்தருக்கு 90,000 சம்பளம்னா சராசரி 30,000 வரும், ஆனா அந்த 30,000 அஞ்சு பேர்ல யார் கைலயும் இல்ல. மீடியன்னா எல்லாரையும் சம்பள வரிசைல நிக்க வச்சு நடுவுல நிக்கறவர் வாங்கறது, இங்க அது 15,000. மீடியால ஒருத்தர் ரெண்டு பேரு ரொம்ப மேல போறதும் மீதிப் பேர் கீழ இருக்கறதும் சகஜம், அதனால இந்தப் படிப்புக்கு மீடியன் இல்லாம எந்த நம்பரையும் நம்பாதீங்க.

அரசாங்கங்களே இதை வெளியிடுது, நிறைய பேருக்குத் தெரியறதில்ல. அமெரிக்காவுல 2015ல இருந்து காலேஜ் ஸ்கோர்கார்டுன்னு ஒண்ணு இருக்கு, அதுல காலேஜ் பேரு, கோர்ஸ் போட்டா படிச்சு முடிச்சவங்க சம்பளமும் கடனும் பக்கத்து பக்கத்துல வரும், ஆனா அரசு உதவி வாங்கின மாணவர்கள் கணக்கு மட்டும்தான் அதுல இருக்கு. பிரிட்டன்ல டிஸ்கவர் யூனி சைட்ல கோர்ஸ் வாரியா பாக்கலாம், வரி ரெக்கார்டை வச்சு அவங்க எடுக்கற லியோ டேட்டா படிப்பு முடிச்சு 1, 3, 5, 10 வருஷம் கழிச்சு என்ன சம்பாதிக்கறாங்கன்னு காட்டும். ஆஸ்திரேலியாவுக்கு இதே மாதிரி க்யூஐஎல்டி (QILT)ங்கற சைட். சிங்கப்பூர்ல கிராஜுவேட் எம்ப்ளாய்மென்ட் சர்வே, இது எனக்கு ரொம்பப் புடிக்கும், ஏன்னா மீடியன் மட்டும் இல்லாம கீழ் 25 சதவீத இடத்துல இருக்கறவர் என்ன வாங்கறாரு, மேல் 25 சதவீத இடத்துல இருக்கறவர் என்ன வாங்கறாருன்னும் போடுவாங்க, ஒரு கோர்ஸோட நல்லது கெட்டது ரெண்டும் ஒரே வரில தெரிஞ்சுரும். இந்தியாவுல என்ஐஆர்எஃப்ங்கற அரசு ரேங்கிங்குக்கு காலேஜ்கள் குடுத்த டேட்டால எத்தனை பேர் படிச்சு முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேல படிக்கப் போனாங்கன்னு இருக்கும். ஆனா அது கோர்ஸ் வாரியா பிரிச்சுப் போட்டது இல்ல, கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைங்களும் அதுல சேர்ந்துதான் இருப்பாங்க, அதை விஸ்காம் சம்பளம்னு எடுத்துக்காதீங்க.

உங்க கோர்ஸுக்கு டேட்டாவே இல்லைன்னா? காலேஜுக்கு நேர்ல போங்க இல்ல போன் போடுங்க, வேலை வாங்கிக் குடுக்கறதைப் பாக்கற பிளேஸ்மென்ட் செல்லுல இதைக் கேளுங்க. போன பேட்ச்ல இந்த டிபார்ட்மென்ட்ல எத்தனை பேர் படிச்சு முடிச்சாங்க? அதுல எத்தனை பேர் பிளேஸ்மென்ட்டுக்குப் பேரு குடுத்தாங்க? எத்தனை பேருக்கு வேலை வந்துச்சு? அந்த வேலைல எத்தனை மீடியா வேலை? "95 சதவீதம் பிளேஸ்மென்ட்"னு சொல்வாங்க, கேட்டுப் பாத்தா 60 பேர்ல 20 பேர்தான் பேரு குடுத்திருப்பாங்க, அந்த 20ல 19க்கு வேலை, அந்த 19லயும் கால் சென்டர், சேல்ஸ் எல்லாம் சேர்ந்திருக்கும். கால் சென்டர் வேலை தப்பான வேலை இல்ல, ஆனா அதுக்கு இந்த ஃபீஸ் தேவையான்னுதான் கேள்வி. பதில் சொல்லாம மழுப்பினா அந்த மழுப்பலையே ஒரு டேட்டாவா எழுதி வைங்க.

அப்புறம் லிங்க்ட்இன். காலேஜ் பேரு, கோர்ஸ் பேரு போட்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி முடிச்சவங்க ஒரு இருபது முப்பது பேரை வரிசையா பாருங்க. பேரு தெரிஞ்ச ஸ்டாரை இல்ல, வரிசைல வர்ற எல்லாரையும். இப்போ என்ன வேலை, முதல் வேலைக்கு எவ்வளவு மாசம் ஆச்சு, எத்தனை பேரு ஃபீல்டையே விட்டுட்டாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போதும், பிராஸ்பெக்டஸ் பத்து தடவை படிச்சாலும் கெடைக்காத விஷயம் கெடைக்கும். வெற்றி பெறாதவங்க நிறைய பேர் அங்க புரொஃபைலே வச்சுக்க மாட்டாங்க, அதனால பாத்ததை விட உண்மை நிலைமை கொஞ்சம் கீழன்னே வச்சுக்கோங்க.

ஃப்ரீலான்ஸ் பண்ணப் போறோம்னா சம்பள நம்பரை அப்படியே 12ஆல பெருக்காதீங்க. வேலை இல்லாத மாசம் வரும், வேலை முடிச்சு இன்வாய்ஸ் அனுப்பி 60 நாள், 90 நாள் கழிச்சு காசு வரும், கேமரா ரிப்பேர், இன்சூரன்ஸ், வரி எல்லாம் உங்க தலைல. வருஷத்துல 8 மாசம்தான் காசு வரும்னு வச்சு கணக்குப் போட்டா பிற்பாடு கஷ்டப்பட மாட்டீங்க.

ஸ்டெப் 4: ரெண்டு காலேஜை எதிர் எதிரா வச்சுப் பாருங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப், பொறுமையா கூடவே வாங்க.

முதல் காலேஜ், வருஷ செலவு 60,000. ரெண்டாவது காலேஜ், பேர் பெத்தது, வருஷ செலவு 2,50,000. ரெண்டும் மூணு வருஷம், ரெண்டுக்கும் முழுசா லோன். முதல் காலேஜ்ல முடிச்சவங்க ஆரம்ப மீடியன் சம்பளம் மாசம் 18,000, ரெண்டாவதுல 24,000. மேலோட்டமா பாத்தா ரெண்டாவதுதான் ஜெயிக்குது, மாசம் 6,000 அதிகம், மூணுல ஒரு பங்கு கூட.

இப்போ வட்டி 10 சதவீதம், படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேணாம், ஆனா வட்டி ஓடிக்கிட்டே இருக்கும்னு வைங்க. "படிக்கும்போது ஒண்ணும் கட்ட வேணாம் சார்"னு பேங்க்ல சொல்றதுக்கு வட்டி இல்லைன்னு அர்த்தம் இல்ல, நிறைய குடும்பம் அப்படித்தான் எடுத்துக்குது. முதல் வருஷம் வாங்கின காசுக்கு 4 வருஷ வட்டி, ரெண்டாவது வருஷத்துக்கு 3, மூணாவது வருஷத்துக்கு 2, மொத்தம் 9 வருஷத்து வட்டி. 2,50,000க்கு ஒரு வருஷ வட்டி 25,000, ஒம்போதால பெருக்கினா 2,25,000. நீங்க வாங்கினது 7,50,000, தவணை ஆரம்பிக்கற அன்னிக்கு நிக்கறது 9,75,000. இது வெறும் தனி வட்டிக்கே, வட்டிக்கு வட்டி போடற லோன்னா இன்னும் கூடும்.

அந்த 9,75,000த்தை 10 வருஷத்துல கட்டணும்னா ஈஎம்ஐ மாசம் சுமார் 12,885. முதல் காலேஜுக்கு அதே கணக்கு, வாங்கினது 1,80,000, வட்டி சேர்ந்து 2,34,000, ஈஎம்ஐ சுமார் 3,092.

இப்போ கைல நிக்கறதைப் பாருங்க. பேர் பெத்த காலேஜ்ல படிச்சவருக்கு 24,000ல 12,885 போக 11,115. சின்ன காலேஜ்ல படிச்சவருக்கு 18,000ல 3,092 போக 14,908. சம்பளம் கம்மியா வாங்கற ஆளு மாசா மாசம் சுமார் 3,800 அதிகமா கைல வச்சிருக்காரு. பத்து வருஷத்துல ஒருத்தர் கட்டினது மொத்தம் 15 லட்சத்துக்கு மேல, இன்னொருத்தர் கட்டினது 4 லட்சத்துக்குள்ள.

இதைத் திருப்பிப் போட்டா ஒரு நல்ல கேள்வி கெடைக்கும். ரெண்டாவது காலேஜ் முதல் காலேஜுக்குச் சமமாகவாவது வரணும்னா ஆரம்ப சம்பளம் எவ்வளவு இருக்கணும்? 14,908 கூட 12,885, அதாவது சுமார் 27,800. சரி, இப்போ அந்த பிளேஸ்மென்ட் செல்லுல போய் "போன பேட்ச்ல பாதிப் பேருக்கு மேல 27,800க்கு மேல வாங்கினாங்களா"ன்னு கேளுங்க. இப்படி ஒரு குறிப்பான நம்பரோட போனீங்கன்னா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

"சம்பளம் பிற்பாடு ஏறும்ல, அப்போ பெரிய காலேஜ்காரர்தான முந்துவாரு?" நியாயமான கேள்வி. ஏறும். ஆனா இந்த ஃபீல்டுல முதல் ரெண்டு வேலைக்கு அப்புறம் காலேஜ் பேரை யாரும் கேக்கறதில்ல, உங்க ஷோரீல் (நீங்க செஞ்ச வேலைல நல்லதைத் தொகுத்த வீடியோ), உங்க பைலைன் (உங்க பேர்ல வந்த செய்தி), நீங்க நடத்தின கேம்பெயின் இதைத்தான் கேப்பாங்க. அதனால அந்த 6,000 வித்தியாசம் வருஷா வருஷம் பெருசாகும்னு நம்பி கடன் வாங்கறது எனக்குச் சரியா படல. இன்னொண்ணும் இருக்கு. கைல காசு நிக்கற ஆளு சம்பளம் கம்மியான ஆனா கத்துக்கறதுக்கு நல்ல வேலையை எடுக்கலாம், புடிக்கலைன்னா விடலாம், ஆறு மாசம் டாக்குமெண்டரி பண்ணலாம். ஈஎம்ஐ 12,885 இருக்கற ஆளு முதல்ல வர்ற வேலையை எடுத்துத்தான் ஆகணும், அது மீடியாவே இல்லாத வேலையா இருந்தாலும். மீடியா மேல ஆசைப்பட்டு வாங்கின கடனே மீடியாவை விட்டு வெளிய தள்ளுது, அந்தப் பிள்ளைங்களை நெனச்சா மனசு வலிக்குது.

உங்க நம்பரை இதே மாதிரி போடுங்க. வட்டி வேறன்னா ஈஎம்ஐ கால்குலேட்டர் எந்த பேங்க் சைட்லயும் இருக்கு.

ஸ்டெப் 5: கடனுக்கு ஒரு மேல் கோடு போடுங்க

கல்விக் கடன் பத்தி ஆலோசனை சொல்றவங்க ரொம்ப நாளா சொல்ற ஒரு விதி இருக்கு, மொத்தக் கடன் உங்க முதல் வருஷ சம்பளத்தைத் தாண்டக் கூடாது. மீடியாவுக்கு நான் இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சொல்வேன், ஸ்டெப் 1ல எழுதின மூணாவது வேலையோட ஒரு வருஷ சம்பளத்தைத் தாண்டக் கூடாது, வட்டி சேர்ந்த தொகை. மேல சொன்ன உதாரணத்துல 18,000 சம்பளக்காரருக்கு வருஷம் 2,16,000, கடன் 2,34,000, கிட்டத்தட்ட கோட்டு மேல. 24,000க்காரருக்கு வருஷம் 2,88,000, கடன் 9,75,000, மூணு மடங்குக்கு மேல. இதை யாராவது ஓகேன்னு சொன்னா ஈஎம்ஐ கட்டப் போறது அவங்க இல்லைங்கறதை ஞாபகம் வச்சுக்கோங்க.

பெரிய பேருக்கும் இது விதிவிலக்கு இல்ல. 2021ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி போட்டாங்க. நியூயார்க்ல இருக்கற கொலம்பியா யுனிவர்சிட்டில ஃபிலிம் மாஸ்டர்ஸ் படிச்சு அரசுக் கடன் வாங்கினவங்களோட மீடியன் கடன் 1,81,000 டாலர், முடிச்சு ரெண்டு வருஷம் கழிச்சு அதுல பாதிப் பேர் வருஷம் 30,000 டாலருக்கும் கீழ சம்பாதிச்சிருக்காங்க. கடன் ஆறு வருஷ சம்பளத்துக்கு மேல. உலகத்துலயே முன்னணில இருக்கற ஒரு யுனிவர்சிட்டி, படிப்பும் நல்ல படிப்புதான், ஆனா அந்த விலைக்கு அந்தத் தொழில் திருப்பித் தரல.

ஸ்டெப் 6: எப்போ கூட காசு குடுக்கலாம்

எப்பவுமே சீப்பான காலேஜ்தான் எடுக்கணும்னு நான் சொல்ல வரல. கூட குடுக்கற காசுக்கு ஆரம்பத்துல சொன்ன நாலும், நேரம், கருவி, ஆள் பழக்கம், இன்டர்ன்ஷிப் கதவு, நிஜமா கெடைச்சா குடுக்கலாம்.

அதுக்கு எப்படி இருக்கணும்னா, அமெரிக்காவுல மிசூரி ஜர்னலிசம் ஸ்கூல்னு 1908ல ஆரம்பிச்சது ஒண்ணு இருக்கு. அங்க மாணவர்கள் கிளாஸ்ல மட்டும் உக்காந்து படிக்கறதில்ல, அந்த ஊர் மக்கள் படிக்கற நிஜமான பேப்பர்ல, நிஜமா ஒளிபரப்பாகற டிவி ஸ்டேஷன்ல வேலை பாக்கறாங்க. தப்பா எழுதினா மறுநாள் வாசகர் போன் பண்ணுவாரு. இந்த மாதிரி மூணு வருஷம் இருந்துட்டு வெளிய வர்ற பிள்ளைக்கு கைல வேலை செஞ்ச ஆதாரம் இருக்கும். உங்க லிஸ்ட்ல இருக்கற காலேஜ் இந்த அளவுக்கு இல்லைன்னாலும், வெளியாட்கள் படிக்கற பத்திரிகை, வெளியாட்கள் கேக்கற ரேடியோ, காசு குடுக்கற கிளையண்ட் புராஜெக்ட், இதுல ஏதாவது ஒண்ணு இருக்கான்னு பாருங்க.

ஸ்டூடியோவைச் சுத்திக் காட்டும்போது மயங்கிடாதீங்க. லைட் எல்லாம் பளபளன்னு இருக்கும், கேமரா புதுசா இருக்கும். அங்க ஒரு செகண்ட் இயர் பிள்ளையைத் தனியா கூப்ட்டு "இந்தக் கேமராவை நீ போன மாசம் எத்தனை நாள் கைல புடிச்ச"ன்னு கேளுங்க. ரூமைப் பூட்டி சாவியை லேப் அசிஸ்டென்ட் வச்சிருந்தா எத்தனை கேமரா இருந்தும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல. சொல்லிக் குடுக்கறவங்க எப்போ கடைசியா ஃபீல்டுல வேலை பாத்தாங்கன்னும் விசாரிங்க.

ஸ்காலர்ஷிப் கெடச்சா கணக்கே மாறும், ஆனா அது முதல் வருஷத்துக்கு மட்டுமா, மார்க் குறைஞ்சா போயிருமான்னு எழுத்துல வாங்குங்க.

ஸ்டெப் 7: வேற டிகிரி வழியா மீடியாவுக்கு வர்றது

இதையும் ஒரு வரி போட்டு உங்க டேபிள்ல சேருங்க. எகனாமிக்ஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ், சட்டம், உயிரியல் இப்படி ஏதாவது ஒண்ணைக் குறைஞ்ச செலவுல படிச்சிட்டு, கூடவே காலேஜ் மேகசின், சின்ன பாட்காஸ்ட், லோக்கல் செய்திக்கு ஸ்ட்ரிங்கர் (செய்திக்கு இவ்வளவுன்னு காசு வாங்கற நிருபர்)னு பழகி, தேவைப்பட்டா பின்னாடி ஒரு வருஷ ஜர்னலிசம் கோர்ஸ். விஷயம் தெரிஞ்ச ரிப்போர்ட்டருக்கு எப்பவும் டிமாண்ட் இருக்கு, பட்ஜெட் டாக்குமெண்ட்டைப் படிச்சுப் புரிஞ்சுக்கறவர் இடத்துக்கு, கேமரா பிடிக்க மட்டும் தெரிஞ்சவர் அவ்வளவு லேசுல வந்துர முடியாது. மீடியா ஒத்து வரலைன்னா திரும்பிப் போக ஒரு வழியும் இருக்கும். ஆனா சினிமாட்டோகிராஃபி, சவுண்ட், எடிட்டிங் மாதிரி கைப்பழக்கம் முக்கியமான வேலைன்னா இந்த வழி சரிப்படாது, சின்ன வயசுலயே கருவியோட புழங்கணும், அதுக்கு மீடியா டிகிரியோ டிப்ளமோவோதான் நேர் வழி.

ஸ்டெப் 8: சீட் அட்வான்ஸ் கட்றதுக்கு முன்னாடி

"இன்னிக்குக் கட்டலைன்னா சீட் போயிரும்"னு சொல்ற இடத்துல கண்டிப்பா அன்னிக்குக் கட்டாதீங்க. ரீஃபண்ட் விதியைக் கேளுங்க, ஒவ்வொரு வருஷமும் ஃபீஸ் ஏறுமா, ஏறினா எவ்வளவுன்னு கேளுங்க, எல்லாம் ஈமெயில்ல வரட்டும். வருஷம் 10 சதவீதம் ஏறினா 2,50,000ங்கறது மூணாவது வருஷம் 3,02,500 ஆயிரும். லோன் பேப்பர்ல வட்டி மாறக் கூடியதா, முன்கூட்டியே கட்டினா அபராதம் உண்டா, ஜாமீன் கையெழுத்து போடறது அப்பாவா அம்மாவா, அவங்க ரிட்டயர் ஆகற வருஷம் எது, கடன் முடியற வருஷம் எது, இதைப் பக்கத்து பக்கத்துல எழுதிப் பாருங்க. பிள்ளைங்களும் இந்தப் பேச்சுல உக்காரணும். பதினேழு வயசுப் பிள்ளைக்கு ஈஎம்ஐ கணக்கு புரியாதுன்னு நெனைக்காதீங்க, உக்கார வச்சு பத்து நிமிஷம் சொன்னா நம்மள விட வேகமா புரிஞ்சுக்கும்.

ஏற்கனவே சேந்துட்டீங்கன்னா

கணக்குப் போடாமயே பெரிய ஃபீஸ்ல சேர்ந்து இப்போ ரெண்டாவது வருஷத்துல இருக்கீங்கன்னா பதறி டிஸ்கன்டினியூ பண்ணாதீங்க, முதல்ல மீதி இருக்கற செலவை மட்டும் எடுத்து கணக்குப் போடுங்க, கட்டினது போனது போனதுதான், அது இனிமே எடுக்கற முடிவுல வரக் கூடாது. பெரும்பாலும் முடிக்கறதுதான் சரியா வரும்.

முடிக்கறதுன்னு முடிவாச்சுன்னா படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டப் பாருங்க. மேல சொன்ன 2,50,000 உதாரணத்துல முதல் வருஷம் மாசம் சுமார் 2,083, ரெண்டாவது வருஷம் 4,167, அதுக்கப்புறம் 6,250. கல்யாண வீடியோ எடிட், சின்ன கடைக்கு சோஷியல் மீடியா பேஜ், டிரான்ஸ்கிரிப்ஷன், இந்த மாதிரி வேலைல முதல் ரெண்டு வருஷ வட்டியாவது எட்டக் கூடியதுதான், போர்ட்ஃபோலியோவும் சேரும். முழுசா கட்டிட்டா கடன் 9,75,000 ஆகாம 7,50,000லயே நிக்கும், ஈஎம்ஐ 12,885க்குப் பதிலா சுமார் 9,911. மாசம் கிட்டத்தட்ட 3,000 வித்தியாசம், பத்து வருஷத்துக்கு. முழுசா முடியலைன்னா பாதி கட்டுங்க, அதுக்கும் பலன் உண்டு. கட்டறதுக்கு முன்னாடி இந்தக் காசு வட்டிக் கணக்குலதான் வரவு வைக்கணும்னு பேங்க்ல எழுதிக் குடுத்து, அடுத்த மாச ஸ்டேட்மெண்ட்ல அப்படி ஏறியிருக்கான்னு செக் பண்ணிக்கோங்க.